மாவாகக் கொடுத்தால் போதும்

எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் ஆடி மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவார்கள். கோவிலில் ஒரு அடுப்பு எரிந்தாலும் அது கூட்டம் அதிகமானால் சமாளிக்கத்தான். உண்மையான கூழ் வீடுகளிலிருந்து வர வேண்டும். சனிக்கிழமை மாலையில் நொய்யையும் கேழ்வரகு மாவையும் காய்ச்சி இறக்கி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் தயிரும் வெங்காயமும் சேர்த்துக் கரைத்து, பானையின் கழுத்தில் வேப்பிலை சுற்றித் தலையில் தூக்கி வருவார்கள். சன்னதிக்கு முன்னால் ஒரு பெரிய அண்டா இருக்கும். எல்லாப் பானையும் அதில்தான் கவிழும். கோவில் தலைவர் நீளமான அகப்பையால் கிண்டிவிடுவார். அதற்குப் பிறகு எது யார் வீட்டுக் கூழ் என்று ஆத்தாளாலும் சொல்ல முடியாது.

லிங்கி சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே வந்தால் முதலில் கணக்கெழுதும் கிராணியின் வீடு, அடுத்து கோவில். கோவிலுக்கு மேலே மேட்டில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயம். கோவிலைத் தாண்டி, ஓடையை ஒட்டி, இன்னொரு லயம். மேல் லயம், கீழ் லயம் என்போம். அந்தப் பெயர்கள் மேடு பள்ளத்தை மட்டும் குறிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கீழ் லயத்தில் சமைத்ததை நாங்கள் சாப்பிட்டதில்லை. சாப்பிடாதே என்று யாரும் சொன்னதாகவும் நினைவில்லை. அங்கிருந்து வாழைத்தார் வரும், மரவள்ளிக்கிழங்கு வரும், பொங்கலுக்குப் பச்சரிசியும் வெல்லமும் தனித்தனியாகக் கட்டி வரும். அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார். பச்சையாக வந்தால் வாங்கலாம், அடுப்பேறி வந்தால் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் கீழ் லயத்து அக்கா ஒருவர். வாய்த்துடுக்கு உள்ளவர். கோப்பைகளில் பால் சேரும்வரை இருவரும் ஒரே மரத்து நிழலில் உட்கார்ந்து பசியாறுவார்கள். ஊர்க்கதை முழுக்க அந்த நிழலில்தான். ஆனால் இரண்டு பேருடைய டிபன் கேரியருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கை இடைவெளி இருக்கும். அத்தனை வருடத்தில் ஒரு துண்டு ஊறுகாய்கூட அதைத் தாண்டியதில்லை. கூழ் ஊற்றும் நாளில் மட்டும் எல்லாம் ஒரே அண்டாவில் கலந்து, நாங்களும் வரிசையில் நின்று வாங்கிக் குடிப்போம். அன்றைக்கு அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

என் அண்ணன் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். சிரம்பானில் சேர்ந்த சகவாசத்தில் போதைப் பொடிக்குப் பழகினார். போலீஸ் பிடித்து, மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு அவர் வீடு திரும்பியபோது அந்தப் பழக்கம் விட்டிருந்தது. ஆனால் அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எய்ட்ஸ் நோய்க் கிருமி இருப்பது தெரிந்திருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மாதம் ஒருமுறை பஸ் ஏறி சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார். அப்பா முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், நான். வெளியே சொல்ல வேண்டாம் என்று நாங்கள் கூடிப் பேசவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஊருக்குத் தெரியவந்ததும் ஒரு வார்த்தை பேசப்படாமல்தான். அண்ணனின் காலை முள்ளுக்கம்பி கிழித்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டுப்போடும் டிரெசர், அண்ணனின் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்துவிட்டு, அன்று இரண்டு கைகளிலும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டார். அவர் செய்ததில் பிழையில்லை. ஆனால் வாசல் பெஞ்சில் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் காத்திருந்தவர்கள் அதுவரை அவர் கையில் கையுறையைப் பார்த்ததே இல்லை. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, அம்மாவின் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. முடிவெட்டுபவர் கத்தி சாணைக்குப் போயிருக்கிறது என்றார். அது திரும்பி வரவே இல்லை. சாயாக்கடையில் அண்ணனுக்கு மட்டும் பிளாஸ்டிக் பையில் டீ கட்டிக் கொடுத்தார்கள். லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை போகாது, மேலே திறந்திருக்கும். பக்கத்து வீட்டுச் சின்னம்மா அந்தச் சுவர் ஓரமாகக் கொசுவத்திச் சுருள்களை வரிசையாகக் கொளுத்தி வைக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக் கொசு அவர்கள் வீட்டுக்குப் போய்க் கடித்துவிடக் கூடாதாம். புகை சுவரேறி எங்கள் பக்கம் இறங்கியது. அண்ணன் இருமுவார். இருமல் கேட்டதும் அங்கே இன்னொரு சுருளுக்குத் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கும்.

“நம்ம வீட்டுல கொசுவே இல்ல பாத்தியா பாப்பா,” என்பார் அண்ணன். “சின்னம்மாவுக்கு ஒரு தேங்க்யூ சொல்லிட்டு வாலா.”

அவர் என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார், நான் சிரிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடுமே என்ற கவலைதான் எனக்கு இருந்தது.

நான் அப்போது செனவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். நல்லது ஒரு தட்டில், பழுது ஒரு தட்டில் என்று பிரிக்கும் வேலை. அங்கே உணவுக்கூடத்துச் சுவரில் மலாய் மொழியில் ஒரு சுவரொட்டி இருந்தது. சேர்ந்து சாப்பிட்டால் இந்த நோய் தொற்றாது, கை குலுக்கினால் தொற்றாது, கொசு கடித்தாலும் தொற்றாது என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். தினமும் அதற்கு எதிரில் உட்கார்ந்துதான் பசியாறினேன். பிறகு வீட்டுக்கு வந்து அண்ணனுடைய டம்ளரின் அடியில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் ஒரே மாதிரி. கலந்துவிடக் கூடாது.

அண்ணன் டம்ளரைத் திருப்பிப் பார்த்தார்.

“என் டம்ளருக்கு மட்டும் பொட்டு வெச்சிருக்க? பொண்ணு பாக்க வர்றாங்களா?”

“ஆஸ்பத்திரில சுத்தமா இருக்கச் சொன்னாங்கல்ல அண்ணே.”

“சரிலா. அழகாத்தான் இருக்கு.”

ஆடி பிறந்தபோது அவர் மிகவும் மெலிந்திருந்தார். அம்மா ரெம்பாவுக்குப் போய்க் கேழ்வரகு அரைத்துக்கொண்டு வந்தார். இந்த வருடத்துக் கூழ் அண்ணனுக்காக என்றார். அம்மாவின் நம்பிக்கையில் வேண்டுதலுக்கு ஒரு வழி இருந்தது. கூழை அம்மனுக்கு முன்னால் வைத்தால் மட்டும் போதாது. அண்டாவில் கலந்து, ஊர் அதைக் குடிக்க வேண்டும். ஊர் வாயில் பட்டால்தான் வேண்டுதல் போய்ச் சேரும். டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள், நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மிச்சமிருந்தது அந்தப் பானை ஒன்றுதான்.

திருவிழாவுக்கு முந்திய வாரம் கோவில் தலைவர் வந்தார். ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். வாசலில் நாற்காலி போட்டோம். அவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒக்காரு தம்பி. டீ போடறேன்.”

“இப்பத்தான் குடிச்சேன்கா. ஒரு விசயம். இது என் பேச்சு இல்ல, கமிட்டிப் பேச்சு.”

“சொல்லு.”

“இந்த வருசம் நீங்க கூழ் காய்ச்ச வேணாம்கா. மாவாக் குடுத்தாப் போதும். கோவில் அடுப்புல நாங்களே கொதிக்க வெச்சுக்கறோம். நெருப்புல வெந்தா எல்லாம் செத்துரும்லா. ஆறின கூழுன்னா ஆளுங்க பயப்படறாங்க.”

“எதுக்குப் பயப்படறாங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியைப் பார்த்தேன்.

“ஒங்களுக்குத் தெரியாததா? சின்னப் பிள்ளைங்க குடிக்கிறது.”

“என் கல்யாணத்துல இருந்து இந்தப் பானையிலதான் ஊத்தறேன். நீயும்தான் குடிச்சிருக்க.”

“அப்ப வேறக்கா.”

அந்தச் சுவரொட்டியில் இருந்த ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: “பரவால்ல மாமா. மாவாவே குடுத்துடறோம். ரொம்ப நன்றி மாமா.”

ஒன்றுமே கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்திருந்தேன். பாதியாவது ஏற்றுக்கொண்டாரே என்று அந்த நன்றி தானாக வந்துவிட்டது. அதுவும் இரண்டு முறை மாமா என்று சொல்லி. இன்று அதை நினைத்தாலும் காது சூடாகிறது.

அவர் போன பிறகு அம்மா நாற்காலியை மடித்தார். “மாவா வாங்கறது யாருகிட்டன்னு எனக்குத் தெரியாதாடி?” என்றார். வாழைத்தாரும் பச்சரிசியும் தனித்தனியாகக் கட்டிய வெல்லமும் எனக்கு உடனே ஞாபகம் வந்தன. அம்மாவுக்கும் வந்திருக்கும்.

உள்ளே படுத்திருந்த அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “மாவே குடும்மா. ஆத்தாளுக்குத் தெரியாதா யாரு குடுத்ததுன்னு?”

“ஆத்தாளுக்குத் தெரியும்டா. ஊருக்குத்தான் தெரிய மாட்டேங்குது.”

சனிக்கிழமை மாலை அம்மா வழக்கம்போல் கூழ் காய்ச்சினார். நான் தடுக்கவில்லை. அம்மா குளிக்கப் போன நேரத்தில் மீந்த மாவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இரண்டு முறை மடித்து, ரப்பர் பேண்டைக் குறுக்காக மாட்டிக் கட்டினேன். எதையும் நான் அப்படித்தான் கட்டுவேன். எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மஞ்சள் சேலை கட்டி, பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் மாவுப் பொட்டலத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். உறுமி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பானை தூக்கிய பெண்களின் வரிசையில் அம்மா போய் நின்றதும் முன்னால் நின்றவர் ஒரு எட்டு முன்னே போனார். பின்னால் வந்தவர் ஒரு எட்டு பின்னே நின்றார். அந்த இடைவெளியில் நான் நிற்காமல் ஓரமாக நின்றேன்.

அம்மாவின் முறை வந்தது. தலைவர் அண்டாவின் வாய்க்கு மேலே கையை நீட்டினார்.

“அக்கா. பேசினது என்ன?”

“ஆத்தாளுக்கு ஊத்தறேன் தம்பி. ஒனக்கா ஊத்தறேன்? கைய எடு.”

“இத்தன பேரு பாக்கறாங்கக்கா. வம்பு வேணாம்.”

மேளம் நின்றது. பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. கீழ் லயத்து அக்கா, தன் பானையோடு.

“மாவாக் குடுங்கக்கா. இதுல என்ன இருக்கு? பச்சையா வாங்கற பழக்கம் ஒங்களுக்குத் தெரியாததா? எங்க வூட்டுல இருந்து எத்தன வருசமா அப்படித்தானே வாங்கிட்டுப் போறீங்க!”

கீழ் லயத்துப் பெண்கள் சிலர் சிரித்தார்கள். மேல் லயத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு தெரிந்தது. எனக்கு எப்படியாவது எல்லாம் முடிந்தால் போதும் என்று இருந்தது. துணிப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தலைவரிடம் நீட்டினேன்.

“இதோ மாவு மாமா.”

அவர் நிம்மதியாக வாங்கிக்கொண்டார். “படிச்ச பிள்ளை, புரிஞ்சுக்கிச்சு,” என்றார். அம்மா திரும்பி முதலில் பொட்டலத்தைப் பார்த்தார், அப்புறம் ரப்பர் பேண்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா வீட்டுக்குப் போகவில்லை. கோவில் சுவரை ஒட்டியிருந்த அரளிச்செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பானையை முன்னால் வைத்து, மூடியைத் திறந்து, அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டார். ஊர் வாயைத் தேடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வரிசை அண்டாவுக்குப் போனது. அம்மா இருந்த பக்கம் ஓடிய ஒரு பிள்ளையைத் தாய் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் கோவில் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மாவோடு போய் உட்காரவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை.

அண்ணனிடம் யார் போய்ச் சொன்னார்களோ தெரியவில்லை. மேட்டிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது. கையில் டம்ளர். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அம்மாவுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து டம்ளரை நீட்டினார். அம்மா ஊற்றினார். அவர் டம்ளரை உயரத் தூக்கி, கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்தார். அடியில் இருந்த சிவப்புப் புள்ளியை வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர்.

“வெங்காயம் கம்மிம்மா,” என்றார் சத்தமாக.

வரிசையில் நின்ற இளவட்டப் பையன் ஒருவன், “அண்ணே, ஊறுகா வேணுமா?” என்று கேட்டான். அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள்.

“வேணும்லா. நீயே கொண்டாந்து குடு.”

அவன் நகரவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது.

அப்போதுதான் கீழ் லயத்து அக்கா வந்தார். அவருடைய பானை அண்டாவில் கவிழ்ந்து காலியாகி இடுப்பில் இருந்தது. கையில் ஒரு டம்ளர். அண்ணனுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டம்ளரை நீட்டினார்.

“எனக்கும் ஊத்துங்கக்கா. ஆனா சும்மா குடிக்க மாட்டேன். தீபாவளிக்கு எங்க வூட்டுக்கு வந்து, எல போட்டு ஒக்காந்து சாப்புடணும். மாவாக் கட்டிக் குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

அம்மாவின் அகப்பை பானைக்கும் டம்ளருக்கும் நடுவில் நின்றது.

மகன் உயிருக்காக ஊர் வாயைத் தேடி உட்கார்ந்திருந்தவர் அவர். ஒரு வாய் தானாக எதிரில் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கும் அம்மாவால் உடனே ஆகட்டும் என்று சொல்ல முடியவில்லை. தூணுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அந்தத் தயக்கம் அந்நியமாக இல்லை. சொல்லாமலே எனக்கும் கற்றுக்கொடுக்கப்பட்டது அது. அண்டாவின் மேல் கையை நீட்டிய தலைவருடைய முகத்திலும் சற்று முன்பு அதே தயக்கத்தைத்தான் பார்த்திருந்தேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“வர்றேன்,” என்றார் அம்மா.

“காது கேக்கலக்கா.”

“வர்றேன்டி. குடி.”

அக்கா ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “வெங்காயம் கம்மிதான்,” என்றார். அண்ணன் சிரித்தார். வேறு யாரும் அன்று அந்தப் பானைக்கு வரவில்லை.

மாலையில் கோவில் முற்றம் கூட்டுவது எங்கள் வீட்டு முறை. அதை மட்டும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. துடைப்பத்தை வைக்கப் பின்னால் இருந்த ஸ்டோருக்குப் போனேன். எண்ணெய் டின்களுக்குப் பின்னால் என் பொட்டலம் இருந்தது. இரண்டு முறை மடித்த வாய், குறுக்காக மாட்டிய ரப்பர் பேண்ட், எல்லாம் நான் கட்டியபடியே. யாரும் பிரிக்கவில்லை. கோவில் அடுப்பு அன்று மத்தியானம்வரை எரிந்துகொண்டுதான் இருந்தது.

அதை வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியவில்லை, தலைவரிடம் போய்க் கேட்கவும் முடியவில்லை. எண்ணெய் டின்னை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன், அம்மாவின் கண்ணில் படாமல் இருக்க. அன்றைய நாட்குறிப்பில் மழை இல்லை என்றும், கூட்டம் போன வருடத்தைவிட அதிகம் என்றும் எழுதியிருக்கிறேன். ஒழுங்கான கையெழுத்தில்.

தீபாவளிக்கு முன்பே அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நெஞ்சில் சளி கட்டியது என்றார்கள். சிரம்பானிலேயே தகனம் முடிந்தது. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் கொஞ்சப் பேர். தலைவர் வந்தார், தள்ளி நின்றார், கைகூப்பினார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்திலிருந்துதான் சாப்பாடு வரும். எங்கள் லயத்திலிருந்து மைலோ டின்களும் சீல் உடைக்காத பிஸ்கட் டின்களும் வந்தன. வாசல் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டில் அன்று கொசுவத்தி கொளுத்தவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கீழ் லயத்து அக்கா தலையில் ஒரு அலுமினியச் சட்டியோடு மேடேறி வந்தார். சோறு, ரசம், அவரைக்காய்ப் பொரியல். மூடியைத் திறந்ததும் ஆவி வந்தது. வாசலோடு நின்றார்.

“தீபாவளிக்கு நீங்க வருவீங்கன்னு இருந்தேன்கா,” என்றார். “அதுக்குள்ள நான் வர வேண்டியதாப் போச்சு.”

அம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து பாயில் உட்கார வைத்தார். தட்டு எடுத்துவரச் சொன்னார். இரண்டு தட்டு கொண்டு வந்தேன்.

“ஒனக்கு?”

“எனக்குப் பசிக்கலம்மா.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோவிலில் பார்க்காத முகத்தை அப்போதுதான் பார்த்தார்.

“ஏன், அவள மாவாக் கொண்டாரச் சொல்லவா?”

அக்கா எதுவும் காதில் விழாததுபோல் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் போய் மூன்றாவது தட்டை எடுத்து வந்தேன். அவர்தான் பரிமாறினார். சாப்பாடு நன்றாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா என்று அவர் கேட்டபோது தட்டை மட்டும் நீட்டினேன்.